மென்பொருள் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கைடாக இருப்பது எப்படி

மென்பொருள் பொறியியலில் ஆய்வு செய்ய ஆசைப்படும் மாணவர்களுக்கு முதன்முறையாக வழிகாட்டப் போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தண்டையார்பேட்டைக்காரி. வடசென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்துதான் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

இவர்களிடம் அறிவுக்கும் உழைப்புக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் ஆய்வு உலகத்தில் யாரும் எழுதி வைக்காத விஷயங்கள் ஏராளம். உதவித்தொகை எவ்வளவு, எந்த மாநாட்டுக்கு மதிப்பு, கெடு எந்த நாட்டு நேரம், பேராசிரியருக்கு மெயில் எப்படி எழுதுவது என்பதெல்லாம் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு நாம்தான் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கேள்வியைத் தேடுவது, தரவைக் கையால் புரட்டுவது, முடிவுக்குப் பொறுப்பேற்பது ஆகிய மூன்றும் அவர்கள் வேலை. அதில் நாம் கை வைக்கக் கூடாது. பல இடங்களில் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறேன். தலைப்பைக் கைடு கொடுத்துவிடுகிறார், காசு விஷயத்தைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை.

முதல் நாள் என்ன கேட்பது

மதிப்பெண் பட்டியலை ஓரமாக வையுங்கள். "நீ ரொம்ப நேரம் மல்லுக்கட்டிக் கண்டுபிடிச்ச பக் எது? எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். பக் என்றால் நிரலில் ஒளிந்திருக்கும் பிழை. இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் எனக்கு எந்த நுழைவுத் தேர்வையும் விட அதிகம் சொல்கிறது. எந்த வரிசையில் சந்தேகப்பட்டாள், எதை மாற்றிப் பார்த்தாள், மாற்றியதைக் குறித்து வைத்தாளா என்பதெல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கும். "இன்டர்நெட்ல தேடினேன், கிடைச்சுது" என்று முடித்தால் பரவாயில்லை, அடுத்த மாதம் திரும்பவும் கேளுங்கள்.

அப்புறம் வீட்டு நிலவரம். கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வருகிறவன் எத்தனை மணிக்கு வீடு சேருகிறான், சாயங்காலம் கடையில் வேலை பார்க்கிறானா, லேப்டாப் அவனுடையதா அண்ணனுடையதா, நெட் யாருடைய போனிலிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஆய்வின் அளவை இதுதான் தீர்மானிக்கும். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் பெரிய மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்க முடியாது. ஆனால் நிரலை யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் முழு வரலாற்றையும் கிட் என்ற கருவியால் குளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, ஆராய அதே லேப்டாப் தாராளமாகப் போதும். ஒவ்வொரு கமிட்டையும் (பதிந்து வைத்த மாற்றத்தையும்) யார் செய்தது, எப்போது, எந்த வரி மாறியது என்பதெல்லாம் அந்தக் குளோனுக்குள்ளேயே கிடக்கிறது. இணையம் அடிக்கடி தேவையே இல்லை. இத்தகைய திட்டங்கள் இருக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) வழியாகத் தகவல் எடுக்கும் ஏபிஐ தேவைப்பட்டால், டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் மணிக்கு 60 கோரிக்கைதான், டோக்கனோடு 5,000 என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவெல்லாம் ஸ்கிரிப்ட் நின்று நின்று போவதைப் பார்த்துத் தன் மேலேயே சந்தேகப்படும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் உட்கார இடம் இல்லாதவர்களும் உண்டு. ஒரே அறையில் ஐந்து பேர், டிவி வேறு ஓடும். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த, உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் வசதியுள்ள முதல்வர் படைப்பகம் மாதிரி இடங்களைச் சொல்லுங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தையும் சொல்லுங்கள். துறை ஆய்வகத்தைச் சனிக்கிழமை திறந்து வைக்க அனுமதி வாங்குவது உங்கள் வேலை, மாணவர் வேலை அல்ல.

கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆய்வு என்றால் ஆப் செய்வது என்றுதான் கடைசி வருடப் புராஜெக்ட் பழக்கத்தில் நினைப்பார்கள். "ஏஐ அடிப்படையிலான ஸ்மார்ட்" என்று ஆரம்பிக்கும் தலைப்போடு வருவார்கள். மென்பொருள் எப்படி உருவாகிறது, எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதையே ஆராயும் ஒரு துறை இருக்கிறது என்பது பலருக்குச் செய்தி. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில்தான் மென்பொருள் பொறியியல் என்ற இந்தத் துறையின் பெயர் பரவலாயிற்று. ஐ.சி.எஸ்.இ. என்ற முதன்மையான மாநாடு 1975 முதல் நடக்கிறது, 2014-ல் நம் ஹைதராபாத்திலேயே நடந்தது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் சொல்லத்தான் வேண்டும். நம்மூர்ப் பக்கத்திலும் நடக்கிற விஷயம் என்று தெரிந்தால் முகமே மாறிவிடும்.

கேள்வி எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி ஒருநாள் ஒரு குறையோடு வந்தாள். ஒரு செயலியில் தன் ஏரியா பெயரைத் தமிழில் தட்டினால் ஒரு போனில் கிடைக்கிறது, இன்னொரு போனில் கிடைக்கவில்லை. "ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணுதான் மேம். ஆனா இது வருது, அது வரல."

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. சொல்லவில்லை. "ரெண்டையும் பைத்தானில் போட்டு நீளம் பார்" என்று மட்டும் சொன்னேன். முதல் எழுத்தான 'கொ'வை மட்டும் வெட்டிப் போட்டாள். ஒன்று 2 என்றது, மற்றது 3 என்றது. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகச் சேர்க்கலாம், அல்லது முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நார்மலைசேஷன் என்று பெயர், பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். அந்தச் செயலியில் அதைச் செய்யவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் இவ்வளவையும் அவளே தோண்டி எடுத்துவிட்டாள்.

இங்கேதான் கைடின் வேலை ஆரம்பிக்கிறது. "சரி, இது ஒரு பக். இதை ஆய்வுக் கேள்வியாக்கு" என்றேன். முதலில் "தமிழ் மென்பொருள்களில் உள்ள பிரச்சினைகள்" என்று எழுதி வந்தாள். அது ஒரு ஆயுளுக்கான வேலை. எத்தனை, எங்கே, எப்போது, யாருக்கு என்று நான் கேட்கக் கேட்க அவள் குறுக்கிக்கொண்டே போனாள். கடைசியில் நின்றது இதுதான்: தேடல் வசதி உள்ள ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில், எழுத்துச் சரங்களை ஒப்பிடும் முன் நார்மலைஸ் செய்வது எந்தக் கட்டத்தில் சேர்க்கப்படுகிறது? முதலிலிருந்தே இருக்கிறதா, இல்லை யாராவது குறை சொன்ன பிறகா? இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஒரு பருவத்தில் அவள் லேப்டாப்பிலேயே தேடலாம். பதில் எந்தப் பக்கம் வந்தாலும் சொல்ல ஒரு செய்தி இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் முதல் கேள்விக்கு அது போதும்.

கையால் படிக்க வையுங்கள்

கேள்வி கிடைத்ததும் ஸ்கிரிப்ட் எழுத ஓடுவார்கள். ஓடட்டும். அவளும் கமிட் செய்திகளில் நார்மலைஸ் என்ற சொல்லைத் தேடி ஒரு பெரிய எண்ணிக்கையோடு வந்தாள். நான் அதிலிருந்து குலுக்கல் முறையில் ஐம்பதை எடுத்து அச்சிட்டுக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் படித்தோம். ஒன்று கோப்புப் பாதையை நார்மலைஸ் செய்தது. ஒன்று டேட்டாபேஸ் அட்டவணையை. நியூரல் நெட்வொர்க்கில் வரும் பேட்ச் நார்மலைசேஷன் இருந்தது. ஒலி அளவைச் சமன் செய்தது ஒன்று. யூனிகோடுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லை வைத்துத் தேடும் எல்லா ஆய்வுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஃபிக்ஸ் என்று தேடினால் பிரிஃபிக்ஸும் வரும், பக் என்று தேடினால் டீபக்கும் வரும்.

ஹெர்சிக், யூஸ்ட், செல்லர் என்ற ஆய்வாளர்கள் மூவர் 2013-ல் செய்ததை இந்த இடத்தில் மாணவர்களுக்குச் சொல்வேன். ஐந்து ஜாவா திட்டங்களின் 7,000-க்கும் மேற்பட்ட புகார்களைக் கையால் படித்தார்கள். பக் என்று குறிக்கப்பட்டவற்றில் 33.8 சதவீதம் பக்கே இல்லை, புது வசதி கேட்டதும் ஆவணத் திருத்தமும் மாதிரியானவை. அந்த முத்திரையை நம்பிச் செய்த ஆய்வுகளையெல்லாம் அது கேள்விக்கு உள்ளாக்கியது. பொறுமையாகக் கையால் படிப்பதே முதல்தரமான ஆய்வாக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. வசதியான ஆய்வகம் இல்லாத நம் பிள்ளைகளுக்கு இது பெரிய தைரியம்.

ஒருவர் மட்டும் படித்தால் போதாது. இரண்டு மாணவர்கள், தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொரு கமிட்டும் நம் கேள்விக்குச் சேர்த்தியா என்று ஆம், இல்லை குறிக்க வேண்டும். பிறகு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட வேண்டும். இதைக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டுங்கள். ஐம்பதில் நாற்பதில் ஒத்துப்போனார்கள் என்று வையுங்கள். 80 சதவீதம், நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் இருவருமே முப்பதை 'ஆம்' என்றும் இருபதை 'இல்லை' என்றும் குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் தற்செயலாகவே 52 சதவீதம் ஒத்துப்போயிருக்கும்: 0.6-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 0.36, 0.4-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 0.16. இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் உளவியலாளர் கோஹன் 1960-ல் கொடுத்த காப்பா என்ற அளவு. 0.80-லிருந்து 0.52 போனால் 0.28, அதை 1-லிருந்து 0.52 போன மீதியான 0.48-ஆல் வகுத்தால் 0.58. சுமார்தான் என்று அர்த்தம்.

எண்ணை விட முக்கியம் அந்தப் பத்துச் சண்டைகள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் அப்படிக் குறித்தாய் என்று பேச விடுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "சோதனைக் கோப்பில் மட்டும் மாற்றினா அது சேர்த்தியா?" என்று வாதம் வரும். அதிலிருந்து ஒரு விதி பிறக்கும், அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த விதிகள் சேர்ந்த கையேட்டோடு புது ஐம்பதைக் குறிக்கட்டும். கைடு சொன்னதை மறுத்துப் பேசும் துணிச்சல் பிள்ளைகளுக்கு வருவதும் இந்த மேசையில்தான். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பன்னிரண்டு வருடம் பள்ளியில் பழகியவர்கள் அவர்கள். ஆதாரத்தைக் காட்டி "இல்ல மேம், இது வேற" என்று ஒரு மாணவி சொல்லும்போது எனக்கு வரும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

படிப்பது, எழுதுவது

வாரத்துக்கு ஒரு பேப்பர் போதும். முதல் வரியிலிருந்து அகராதியோடு உட்கார விடாதீர்கள். சுருக்கம், அட்டவணைகள், படங்கள் முதலில். அடுத்து, இந்த முடிவை எங்கெல்லாம் நம்ப முடியாது என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் பகுதி. நம் துறையில் கிட்டத்தட்ட எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் அது கடைசிப் பக்கங்களில் இருக்கும். புதியவருக்கு அடுத்த கேள்வி கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். பணம் கட்டாமல் படிக்க, எழுதியவர்களின் சொந்தப் பக்கத்திலும், கட்டுரைகளை இலவசமாக வைத்திருக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்திலும் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே மரியாதையாக மெயில் எழுதிக் கேட்கலாம், அனுப்புவார்கள். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி ஒரு பக்கம் பணிந்து எழுத வேண்டியதில்லை, நான்கு வரி போதும் என்பதையும் சொல்லுங்கள்.

எழுதும்போது முதல் வரைவைத் தமிழில் சொல்ல விடுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த பையன் ஆங்கிலத்தில் யோசித்து எழுத முயன்று, தனக்குத் தெரிந்ததையே தெரியாததுபோல் எழுதிவிடுவான். "நீ என்ன கண்டுபிடிச்ச, சொல்லு" என்று கேட்டு, போனில் பதிவு செய்து, அதிலிருந்து எழுதச் சொல்வேன். வாதம் நேராக நிற்கும். ஆங்கிலத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். மொழியைச் செப்பனிட ஏஐ கருவிகளைப் பயன்படுத்தினால், கட்டுரையை அனுப்பும் மாநாட்டின் விதியைப் படித்து, பயன்படுத்தியதைக் கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும். தரவைக் குறிக்கும் வேலையை மட்டும் ஆரம்பத்தில் அதனிடம் கொடுக்கவே கூடாது. அங்கேதான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

எங்கே அனுப்புவது

பத்தே நாளில் பப்ளிகேஷன், இவ்வளவு ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பற்றி முதல் மாதமே பேசிவிடுங்கள். வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. நல்ல இதழ்களைக் காட்ட யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது, இனி நாமே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். எளிய சோதனை இது: நீ படித்து மதித்த கட்டுரைகள் எங்கே வந்தவை? கணினித் துறைக் கட்டுரைகளைப் பட்டியலிடும் டி.பி.எல்.பி. தளத்தில் அந்த மாநாடு இருக்கிறதா? கட்டுரைகளை மதிப்பிடும் குழுவில் இருப்பவர்களின் கட்டுரை எதையாவது படித்திருக்கிறாயா? மதிப்பீடு நடக்கும் முன்பே பணம் கேட்டால் விலகிவிடு. ஏற்றுக்கொண்ட பிறகு பதிவுக் கட்டணம் இருப்பது நல்ல மாநாடுகளிலும் உண்டுதான், அதை யார் கட்டுவது என்று அனுப்பும் முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும். மென்பொருள் பொறியியலுக்காக இந்தியாவில் 2008-ல் தொடங்கிய ஐசெக் மாநாடு முதல் முயற்சிக்குப் பொருத்தம், ரயிலில் போய்வரலாம். தரவையும் கமிட் வரலாறுகளையும் தோண்டும் வேலை என்றால் எம்.எஸ்.ஆர். மாநாடு. பெரிய மாநாடுகளில் மாணவத் தொண்டராகச் சேர்ந்தால் கட்டணச் சலுகை கிடைப்பதும் உண்டு.

கெடுவில் 'பூமியில் எங்காவது' என்று போட்டிருக்கும். பூமியில் கடைசியாக நள்ளிரவாகும் இடத்தின் கணக்கு அது. அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. அந்தக் கூடுதல் பகலை எழுத்துப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

நிராகரிப்பு வரும். நல்ல இடங்களில் பெரும்பாலான கட்டுரைகள் திரும்பித்தான் வருகின்றன என்று அனுப்பும் அன்றே சொல்லுங்கள், வந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் மாதிரிதான் கேட்கும். மதிப்பிட்டவர்களின் கருத்துகளை முதலில் நீங்கள் படித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் வெட்டி அட்டவணையில் போடச் சொல்லுங்கள்: இது நியாயம், செய்வோம், இது அவர் தவறாகப் புரிந்தது, அப்படியென்றால் நாம் தெளிவாக எழுதவில்லை, இது இப்போது முடியாது, அதை ஒப்புக்கொண்டு எழுதுவோம். அட்டவணையில் ஏறியதும் பிள்ளைக்கு அழுகை நின்று வேலை தெரிய ஆரம்பிக்கும்.

காசும் வீடும்

காசிமேட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பெண்ணுக்குக் கேம்பஸில் வேலை கிடைத்திருந்தது. "டீச்சர், வேலய வுட்டுட்டுப் படிக்கிறேங்குது. அஞ்சு வருசம் படிச்சா கையில இன்னா வரும்?" என்றார். ஆய்வின் மகிமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் எழுதிக் காட்டினேன். கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிப் பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதன்பின் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஐ.ஐ.டி. சென்னையில் எம்.எஸ். என்று ஆய்வுக்கே ஒரு பட்டமும் உண்டு. இந்தப் பணம் சில சமயம் மாதக்கணக்கில் தள்ளி வரும், அதனால் சேரும்போது மூன்று மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதினேன். தினமும் கணக்குப் பார்த்துக் கடை நடத்துகிறவர் அவர். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப படிக்கட்டும், ஆனா அந்த மூணு மாசத்துக்கு இப்பவே சேக்கணும்" என்றார்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. தம்பி தங்கை படிப்பு, அப்பாவின் கடன், கல்யாணப் பேச்சு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. வேலைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் போகச் சொல்லுங்கள், குற்ற உணர்ச்சியோடு அனுப்பாதீர்கள். இரண்டு வருடம் தொழிலில் பக்குகளோடு போராடிவிட்டு வருபவர் நம் துறை ஆய்வுக்கு இன்னும் கூர்மையான கேள்வியோடு வருவார். மெயிலைத் திறந்து வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை கேட் விண்ணப்பத் தேதியை ஞாபகப்படுத்துங்கள்.

பெயர் வரிசையைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். வேலை செய்த பிள்ளையின் பெயர்தான் முதலில் வர வேண்டும். வழிகாட்டியது நீங்கள் என்றால் கடைசியில் போடுங்கள். எதிலும் பங்கில்லாத மேலதிகாரியின் பெயரைச் சேர்க்கச் சொன்னால் மறுக்க வேண்டியவர் நீங்கள்தான். மாணவரால் மறுக்க முடியாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு விண்ணப்பக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே பிள்ளையிடம் ஒரு குறிப்புக் கேட்டு வாங்குங்கள்: எந்த முடிவை அவளாக எடுத்தாள், எதை மாற்றினாள், எந்த ஸ்கிரிப்ட் அவளுடையது. "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்ற வரிகளைப் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஐம்பது கமிட்டில் எதில் என்னோடு முரண்பட்டாள், ஏன் அவள் சொன்னதே சரி என்று எழுதினால் நின்று படிப்பார். படிப்பு முடிந்து கிளம்பும் முன் தரவு, ஸ்கிரிப்ட், குறிக்கும் கையேடு மூன்றையும், ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான செர்ன் நடத்தும் செனோடோ தளத்தில் அவள் பெயரிலேயே ஏற்றச் சொல்லுங்கள். இலவசம்தான், நிலையான ஓர் அடையாள எண்ணும் கிடைக்கும். விண்ணப்பத்தில் அந்த எண்ணைப் போடலாம், கட்டுரை இன்னும் வெளிவராமல் இருந்தாலும்கூட.